யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாண நகரமும் அதைச் சூழ்ந்த ஊர்களும் தலைமுறை தலைமுறையாகக் கிணற்றை நம்பியே வாழ்ந்து வந்துள்ளன. அந்தக் கிணறுகளின் அடியில் என்ன நடக்கிறது என்பது பற்றி ஊரில் வாழ்பவர்களும், தோட்டம் செய்பவர்களும், பல ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பிப் பழைய வளவுக் கிணற்றைத் துப்புரவு செய்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன.

யாழ்ப்பாண நகரத்துக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் நிலத்துக்கு அடியிலிருந்து வருகிறது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்தில் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் கலக்கும் வழுக்கையாறு மாரியில் மட்டுமே நீரைக் காண்கிறது. ஆகவே வீட்டுக் கிணறு, தோட்டக் கிணறு, கோயில் கிணறு, பொதுக்கிணறு ஆகிய அனைத்தும் ஒரே நிலத்தடி நீரையே பங்கிட்டுக்கொள்கின்றன. மாநகரத்தின் பழைய குழாய்நீர் வழங்கலும் இதற்கு விலக்கன்று: நகரத்துக்கு வெளியே கோண்டாவில், திருநெல்வேலி ஆகிய இடங்களிலுள்ள கிணறுகளிலிருந்து இறைக்கப்பட்ட நீரே குழாய்வழி நகருக்கு வந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் 583,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் குடித்ததும் குளித்ததும் சமைத்ததும் காலடியிலுள்ள இந்தப் பாறைநீரில்தான். நகரங்கள் பொதுவாக ஆற்றையோ ஏரியையோ கண்ணால் பார்த்துக் காவல் காக்க முடியும். இங்கே நீர்த்தேக்கத்தின் மேலேயே வீடு கட்டி, உரமிட்டு, மலக்குழி வெட்டி வாழ்கிறோம் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஆறும் மலையும் இல்லாத இடத்தில் இவ்வளவு நீர் எப்படிச் சேர்ந்தது?

குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் எனும் பழைய புவியியற் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலத்தன்மை பெறுகிறது. அந்த நீர் நீண்ட காலமாகச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, வெடிப்பை இடுக்காக்கி, இடுக்கைப் பொந்தாக்கி, சில இடங்களில் குகை போன்ற வெளிகளையும் உருவாக்கியிருக்கிறது. வலிகாமத்துச் செம்மண்ணில் பெய்யும் மழை விரைவாகக் கீழிறங்கி இந்த இடுக்குகளில் தங்குகிறது. புதிதாகக் கிணறு வெட்டும்போது கல்லுடைத்த பக்கச் சுவரைப் பார்த்தால் இது நேரடியாகத் தெரியும். ஒரு பக்கம் ஈரமே இல்லாத கெட்டிக் கல்லாக இருக்க, அதற்கு ஒரு முழம் தள்ளிக் கைநுழையும் அளவுப் பொந்தொன்றிலிருந்து நீர் குபுகுபுவென்று வந்துகொண்டிருக்கும். அடுத்தடுத்த வளவுகளில் ஒரு கிணறு வற்றாமலும் மற்றது வற்றியும் கிடப்பதற்குக் காரணம் இதுவே.

நீரியலாளர் குடாநாட்டின் நிலத்தடி நீரை வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என்று நான்கு பெரும் தொகுதிகளாகப் பிரிக்கின்றனர். அவற்றுள் சுன்னாகத்தை நடுவாகக் கொண்ட வலிகாமத் தொகுதியே பெரியது. மக்கள் நெருக்கமும் தோட்டச் செய்கையும் அதிகமாக இருப்பதும் அதன் மேல்தான். வடமராட்சிக் கரையோரத்தில் மணற்காடு போன்ற இடங்களிலுள்ள மணற்குன்றுகளும் மழைநீரைத் தேக்கி வைக்கின்றன. அங்கே மணல் அள்ளப்படும்போது மணலோடு சேர்ந்து நீர்த்தேக்கமும் லொறியில் ஏறிப் போகிறது.

சுற்றிலும் கடல் இருக்கும்போது கிணற்று நீர் ஏன் உவராகவில்லை?

நன்னீர் கடல்நீரைவிடச் சற்றே இலேசானது. ஆகவே கீழிறங்கிய மழைநீர், பாறைக்குள் ஏற்கனவே ஊறியிருக்கும் கடல்நீரோடு உடனே கலந்துவிடாமல் அதன் மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் ஒரு கண்ணாடி வில்லையைப் போன்ற வடிவில் அது நிற்கிறது. நெதர்லாந்துப் பொறியியலாளர் கைபனும் ஜேர்மனியரான ஹெர்ஸ்பெர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்டறிந்த விதியின்படி, நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் நிற்க முடியும்.

இந்தக் கணக்கு கேட்பதற்கு ஆறுதலாகத் தோன்றினாலும், எச்சரிக்கையும் அதற்குள்ளேயே இருக்கிறது. கிணற்றின் நீர்மட்டம் அரை அடி தாழ்ந்து அப்படியே நீடித்தால், காலப்போக்கில் கீழேயுள்ள உவர்நீர் 20 அடி மேலேறுவதற்கு அது இடங்கொடுக்கும். குடாநாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 10 மீற்றருக்கும் குறைந்த உயரத்திலேயே இருக்கிறது. கோடையின் முடிவில் பல இடங்களில் நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்தை நெருங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் இறக்கம் சிறிது, கண்ணுக்குத் தெரியாத ஏற்றம் பெரிது. சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகள் ஒரே சீராக இல்லாததால் இந்த விதி எல்லாக் கிணற்றுக்கும் அப்படியே பொருந்தாது என்றாலும், திசை மாறுவதில்லை.

நீர் குறைந்தால் கிணற்றை இன்னும் ஆழமாக்கலாமா? குழாய்க் கிணறு அடிக்கலாமா?

மேற்சொன்ன காரணத்தினால், கூடாது. பெருநிலப்பரப்பில் ஆழம் போகப் போக நீர் கிடைக்கலாம். இங்கே ஆழம் போகப் போகச் சவரே, அதாவது உவர்நீரே, கிடைக்கும். வலுவான இயந்திரம் பூட்டிய ஆழமான குழாய்க் கிணறு ஒன்று, தன் வளவுக்குள் மட்டுமன்றி அயலிலுள்ள சாதாரண கிணறுகளுக்குள்ளும் உவரை இழுத்து வரக்கூடும். ஒரு முறை உவர் ஏறிய இடம் மீண்டும் நன்னீராவதற்குப் பல மாரிகள் தேவைப்படலாம்.

நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்பது உண்மையா?

புத்தூருக்கு அருகே நவக்கிரியிலுள்ள நிலாவரை, மனிதர் வெட்டிய கிணறு அன்று. சுண்ணாம்புக்கல் கரைந்து குடைவாகி, மேற்கூரை இடிந்து விழுந்ததால் உண்டான இயற்கைப் பள்ளம் அது. இராமர் அம்பெய்து உண்டாக்கிய ஊற்று என்றும், அதில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதந்து வரும் என்றும் ஊரில் சொல்வார்கள். அடி இருக்கிறது, ஆனால் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக அது இருப்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது என்பதைக் குடாநாட்டில் இத்தனை தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

எலுமிச்சம்பழக் கதையை நான் வெறுங்கதை என்று தள்ளிவிட மாட்டேன். நிலத்தடியில் நீர் இடத்துக்கு இடம் ஓடுகிறது என்ற அறிவு அதற்குள் இருக்கிறது. கீரிமலையில் கடலுக்குச் சில அடி தள்ளிக் கேணிக்குள் நன்னீர் ஊறுவதை, ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாடச் சென்றவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். உள்நிலத்தில் பெய்த மழை பாறைக்குள் நடந்து வந்து கடலில் இறங்கும் வாசல்களில் அதுவும் ஒன்று. கரை நெடுகிலும் இத்தகைய வாசல்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன. மாரியில் பாறைக்குள் சென்ற நீரில் பெரும் பங்கு இப்படியே கடலுக்குப் போய்விடுகிறது.

இந்த நீரை அதிகமாக எடுப்பது யார்?

தோட்டச் செய்கைதான். வெங்காயம், மிளகாய், மரக்கறி, உருளைக்கிழங்கு, புகையிலை, வாழை ஆகியவற்றுக்குக் கோடை முழுவதும் இறைக்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் உழைப்பைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. வேறு நீரே இல்லாத நிலத்தில் உலகம் வியக்கும் விளைச்சலை எடுத்தவர்கள் அவர்கள்.

ஆனால் எடுக்கும் முறை மாறிவிட்டது. கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றமான துலா இருந்த காலத்தில் ஒருவர் அல்லது இருவர் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து ஊற்ற, இன்னொருவர் தோட்டத்தில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிக்கும் அந்த வேலையில், கால் களைத்தால் இறைப்பு நின்றுவிடும். மனிதரின் களைப்பே கிணற்றுக்கு ஓய்வு கொடுத்தது. இறைப்பு இயந்திரம் பரவலான பின்னர் அந்த எல்லை இல்லாமல் போயிற்று. இயந்திரம் கிணற்றை அடிவரை இறைக்கும். ஊற்று மீண்டும் நிரம்பியதும் மறுபடி இறைக்கும். வாய்க்கால் வழியே வெள்ளமாகப் பாய்ச்சும் நீரில் பயிர் குடிப்பது ஒரு பகுதிதான். மீதியில் ஒரு பங்கு ஆவியாகிறது. இன்னொரு பங்கு, இட்ட உரத்தையும் கரைத்துக்கொண்டு அதே பாறைக்குள் திரும்புகிறது. சொட்டுநீர்ப் பாசனமும் தூவல் பாசனமும் இங்கே ஆடம்பரமல்ல. அவற்றுக்கான மானியத்தைச் சிறு தோட்டக்காரருக்குக் கொடுப்பது, நகரத்துக்கு நீர் கொண்டுவரும் செலவில் ஒரு பகுதி என்றே கருதப்பட வேண்டும்.

நைத்திரேற்று என்கிறார்களே, அது எங்கிருந்து வருகிறது?

மூன்று வழிகளில் வருகிறது: யூரியா போன்ற இரசாயன உரம், குவித்து வைத்த மாட்டெரு, மலக்குழி. செம்மண்ணின் ஆழம் பல இடங்களில் குறைவு. அதற்குக் கீழே வெடிப்புள்ள கல் இருப்பதால், மண்ணுக்குள் நீர் மெதுவாக ஊர்ந்து வடிகட்டப்படுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. பயிர் உறிஞ்சாமல் விட்ட நைதரசன் நைத்திரேற்றாக மாறி அடுத்த இறைப்பிலோ அடுத்த மழையிலோ கிணற்றுக்கு வந்துவிடுகிறது. வலிகாமத்தில் தோட்டச் செய்கை அடர்ந்த பகுதிகளின் கிணறுகளில் நைத்திரேற்று அளவு மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை, லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. இந்த எல்லையை மீறிய நீரால் அதிகம் பாதிக்கப்படுவது கைக்குழந்தைகளே. அவர்களின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். பால்மாவை இத்தகைய கிணற்று நீரில் கரைத்துக் கொடுப்பது ஆபத்தானது.

கொதிக்க வைத்தால் நைத்திரேற்று நீங்குமா?

நீங்காது. கொதிக்கும்போது நீர் ஆவியாகி, நைத்திரேற்றின் செறிவு கூடவே செய்யும். கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்வதற்கு மட்டுமே. கிணற்றுக்குக் குளோரீன் இடுவதும் அவ்வாறே கிருமிக்கு மட்டும் மருந்து. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்து அஞ்சிப் பலர் கேட்கிறார்கள்: அது கல்சியம் காபனேற்று, அதாவது கரைந்து வந்த சுண்ணாம்புக்கல். நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, படிவும் இல்லை. பரிசோதனை ஒன்றே அதைக் காட்டும்.

மலக்குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்?

குறைந்தது 50 அடி என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. நகரத்துக்குள் காணிகள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டுவிட்ட நிலையில் அந்த 50 அடி உங்கள் வளவுக்குள் இருந்தாலும், மதிலுக்கு அப்பால் அயலவரின் கிணறு 15 அடியில் இருக்கலாம். மேலும் இந்த அளவு மண்ணுக்குப் பொருந்துமேயொழிய, வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லுக்குப் பொருந்தாது. ஒரு பொந்து இணைத்துவிட்டால் 100 அடியும் தூரமன்று. அடி பூசாத உறிஞ்சு குழியை விட்டு, அடியும் சுவரும் நீர் கசியாத தாங்கியாகக் கட்டி, உரிய காலத்தில் பவுசர் (தாங்கி லொறி) மூலம் அகற்றுவதே இந்த நிலத்துக்கு ஏற்றது. மாநகரத்துக்கு முழுமையான கழிவுநீர்க் குழாய்த் தொகுதி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. குழாயில் குடிநீரைக் கொண்டுவரும் திட்டங்கள் பேசப்படும் அளவுக்குக் கழிவுநீர் பேசப்படாதது வருத்தத்துக்குரியது. வீட்டுக்கு வரும் நீர் கூடினால் வீட்டிலிருந்து பாறைக்குள் போகும் கழிவும் கூடும்.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தது எப்படி?

சுன்னாகத்தில் எரிபொருளால் இயங்கிய தனியார் அனல்மின் நிலையமொன்றின் கழிவெண்ணெய் நிலத்தில் சேர்ந்து நிலத்தடி நீரை மாசுபடுத்தியதாக எழுந்த வழக்கில், இலங்கை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் நிறுவனத்தைப் பொறுப்பாளியாகக் கண்டு, பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் சுன்னாகத்திலும் அயலூர்களிலும் மக்கள் கிணற்றில் இட்ட வாளியை எண்ணெய்ப் படலத்தோடு தூக்கினர். குடிநீருக்குப் பவுசரையும் தெருவோரத் தாங்கியையும் எதிர்பார்த்து நின்றனர். குடாநாட்டின் மிகப் பெரிய நன்னீர்த் தொகுதியின் நடுப்பகுதியில் இது நடந்தது. வாகனங்களைத் திருத்தும் இடங்களும் எரிபொருள் நிலையங்களும் ஊரெங்கும் இருக்கின்றன. அவற்றின் கழிவெண்ணெய் எங்கே போகிறது என்று உள்ளூராட்சி மன்றங்கள் தொடர்ந்து கேட்க வேண்டும்.

மழை இவ்வளவு பெய்தும் ஏன் பற்றாக்குறை?

ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நம் முன்னோர் அதைப் பிடித்து நிறுத்துவதற்காக ஊர்தோறும் குளம் வெட்டினர். குடாநாட்டில் சிறிதும் பெரிதுமாக 1,000 குளங்களுக்கு மேல் இருந்தன. வலிகாமத்துக் குளங்களிற் பலவற்றைப் பொறுத்தவரை, வயலுக்குப் பாய்ச்சியதைவிட, கோடைக்கு முன் நீரை மெல்லப் பாறைக்குள் இறக்கியதே பெரிய பணி. குளத்தருகே இருந்த கிணறு வற்றாது என்பது ஊரார் அனைவரும் அறிந்ததே.

பிற்காலத்தில் குளங்கள் தூர்ந்தன. சில குப்பை கொட்டி நிரப்பப்பட்டு, கட்டடம் எழுந்தது. குளத்துக்கு நீர் கொண்டுவந்த வெள்ளவாய்க்கால்களின் மேல் மதில்கள் நிற்கின்றன. வீதிகள் உயர்த்தப்பட்டு, மழைநீர் வடிகால்கள் நேரே கடலை நோக்கி அமைக்கப்பட்டுள்ளன. நகரத்தில் ஆரியகுளம் போன்றவை அண்மைக் காலத்தில் துப்புரவாக்கப்பட்டமை நல்ல செயல். ஆயினும் குளத்தின் கரையை அழகுபடுத்தி, அடியில் சீமெந்து பூசி, வாய்க்காலை அடைத்துவிட்டால் அது நிலத்தடி நீருக்கு எவ்வகையிலும் உதவாது.

கடல்நீரேரிகளை நன்னீராக்கும் பழைய திட்டம் என்ன ஆயிற்று?

பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1950களில் முன்வைத்த திட்டத்தின் அடிப்படை எளியது. வன்னியிலிருந்து கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடல்நீரேரிக்குக் கொண்டுவரும் மாரிவெள்ளத்தை அங்கே தடுத்து, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடல்நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக் கடல்நீரேரிக்கும் விடுவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டிக் கடல்நீரை வெளியே நிறுத்துவது. ஆண்டுக்காண்டு மாரிவெள்ளம் உப்பைக் கழுவ, நீரேரிகள் படிப்படியாக நன்னீராகும். அவற்றின் இரு புறத்துக் கிணறுகளிலும் சவர் குறையும். தடுப்பணைகள் கட்டப்பட்டன. ஆனையிறவு வேலைகளும் முள்ளியான் வாய்க்காலும் திட்டமிட்டபடி நிறைவேறவில்லை. பராமரிப்பின்றி அணைக்கதவுகள் பழுதடைய, கடல்நீர் மீண்டும் உள்ளே வந்தது. போர்க்காலத்தில் எவராலும் கவனிக்க முடியவில்லை. மீன்பிடிப்போரின் வாழ்வாதாரம், சூழல் மாற்றம் ஆகியவற்றை இன்றைய நிலையில் மீண்டும் ஆராய வேண்டும் என்பது நியாயமே. ஆனால் பாதியில் நின்ற வேலையை வைத்துத் திட்டமே தோல்வி என்று முடிவுகட்டுவது நியாயமன்று.

இரணைமடு நீர் ஏன் வரவில்லை? கடல்நீரைச் சுத்திகரிப்பது தீர்வாகுமா?

ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் 2010இல் தொடங்கிய யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம், இரணைமடுக் குளத்திலிருந்து நீர் கொண்டுவருவதாகவே முதலில் வகுக்கப்பட்டது. அக்குளத்தை நம்பி நெல் விளைவிக்கும் கிளிநொச்சி விவசாயிகள், தங்கள் சிறுபோகத்துக்கே (கோடைக்கால நெற்செய்கைக்கே) நீர் போதாத ஆண்டுகளில் குடாநாட்டுக்கு எப்படிக் கொடுப்பது என்று எதிர்த்தனர். அவர்களின் கேள்விக்கு நேர்மையான விடை எவரிடமும் இருக்கவில்லை. அதனால் வடமராட்சி கிழக்கில் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரவல்ல கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது.

நைத்திரேற்றும் உவரும் மிகுந்த ஊர்களுக்கு இந்த நீர் பேருதவி. குடிநீருக்கு அது உதவும். தோட்டத்துக்கு உதவாது, ஏனெனில் கடல்நீரை உப்பு நீக்குவதற்கு மின்சாரம் மிகுதியாகச் செலவாகிறது. குழாய் வந்த பின்னர் கிணற்றைக் கைவிட்டு, அதையே குப்பைக்கும் கழிவுக்கும் குழியாக்கும் வழக்கம் பிற ஊர்களில் உண்டு. இங்கே அப்படிச் செய்தால் கழிவு அயலவரின் கிணற்றுக்கு நேர்வழியாகப் போகும்.

என் வீட்டளவில் என்ன செய்யலாம்? நீரை எப்போது பரிசோதிக்க வேண்டும்?

கூரைநீரை வீதிக்கு விடாதீர்கள். முதல் இரண்டு மூன்று மழையை வெளியே விட்டு, கூரை கழுவுண்ட பின்னர் வரும் நீரைத் தாங்கியில் சேர்க்கலாம். மிகுதியை மணலும் சல்லியும் இட்ட குழி வழியே நிலத்துக்குள் இறக்கலாம். நேரே கிணற்றுக்குள் விடுவதானால் வடிகட்டி கட்டாயம் வேண்டும். முற்றம் முழுவதும் கல் பதிப்பதைத் தவிருங்கள். கிணற்றுக்கட்டை உயர்த்தி, சுற்றிலும் சாய்வாகச் சீமெந்து இட்டு, குளித்த நீர் மீண்டும் கிணற்றுக்குள் வடியாதபடி வாழைப்பாத்திக்குத் திருப்புங்கள். எருக்குவியலைக் கிணற்றருகே வைக்க வேண்டாம். கரையோரத்தில் இருப்பவர்கள் இயந்திரத்தை ஒரே மூச்சில் ஓட்டாமல், சிறிது சிறிதாக இறைப்பது நல்லது.

நீர் மாதிரியைத் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பரிசோதிக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை போதும் என்று பலர் எண்ணுகின்றனர்; இந்த நிலத்துக்கு இரண்டு முறை வேண்டும். ஆவணியில், நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும்போது எடுக்கும் மாதிரி உவரின் அளவைக் காட்டும். மாரியின் முதற் பெருமழை பாறைக்குள் இறங்கிய பின்னர் எடுக்கும் மாதிரி, நைத்திரேற்றையும் மலக்கிருமியையும் காட்டும். போத்தலை அதே நீரால் இரண்டு முறை அலசி நிரப்புங்கள். கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் ஆய்வுகூடம் தரும் கிருமியகற்றிய போத்தலை அலசாமல் நிரப்பி, குளிரில் வைத்து அன்றே ஒப்படைக்க வேண்டும்.